ஆறாவது துளை

முகங்கள் எனக்குத் தங்குவதில்லை.
'டொக்டர், என்னைத் தெரியுதோ?' என்று
மீன் சந்தையில் யாரும் கையைப் பிடித்தால்
கொஞ்சம் நடந்து காட்டுங்கோ என்பேன்.
சிரிப்பார்கள். நடப்பார்கள்.
மூன்றாவது அடியில் ஆள் பிடிபட்டுவிடும்:
இடது தொடை, தொண்ணூற்றாறு,
மூதூர் லோஞ்சில் வந்தவர்,
அரை அங்குலம் குட்டையாக விட்டது நான்தான்.

தச்சுவேலை என்பார்கள் என் தொழிலை.
தச்சனுக்குப் பலகை அலறாது.
என்னோடு படித்தவர்கள் லண்டனில்
இடுப்பு மாற்றி மாற்றிக் கார் மாற்றினார்கள்.
நான் திருகோணமலையில் நின்றுவிட்டேன்.
காரணம் கேட்டால் ஒவ்வொரு வருடமும்
ஒவ்வொன்று சொல்லியிருக்கிறேன்.

ஓய்வு பெற்றுப் பதினொரு வருடம்.
டச்சுக் குடாக் கரையில் பின்னேரம் உலாத்தினால்
இந்த ஊர் என் முன்னால் நடந்து போகிறது,
பொருந்தியதும் பொருந்தாததுமாக.
கோட்டைப் பக்கமிருந்து வரும் மான்களை மட்டும்
நிம்மதியாகப் பார்க்கலாம்.
அதுகளின் கால்களில் என் கை பட்டதில்லை.

(ஒருமுறை பட்டது. ஓட்டோ அடித்த குட்டி.
அது இங்கே வேண்டாம்.)

போன வெள்ளி, கேற்றடியில் ஒரு பெண்.
நிரோசினி, திருக்கடலூர் என்றாள்.
கையில் நெஸ்ரமோல்ட் டின்.
'அப்பா பூபாலரத்தினம், கரைவலைக்காரர்.
செவ்வாய் எரிச்சது. நேற்றுக் காடாத்து.
சாம்பலைக் கடலில விட்டிட்டம்.
இரும்பைப் போட வேண்டாமெண்டு அண்ணா சொன்னவன்,
ஆற்றையும் வலையைக் கிழிக்குமாம்.
உங்கட சாமான்தானே, கொண்டந்தனான்.'

பழைய பேப்பரின் மேல் டின்னைக் கவிழ்த்தேன்.
தகடு.
நெருப்பு அதில் சூரைமீனின் முதுகைப் போல
ஒரு நீலத்தை ஏற்றியிருந்தது.
நெளியவில்லை.
ஆணிகளை எண்ண வேண்டிய அவசியமில்லை,
எண்ணினேன்.
ஐந்து.

அவள் குனிந்து கொண்டாள்.
'ஆறு ஓட்டை, அஞ்சு ஆணி.
ஒண்டு துலைஞ்சு போச்சு டொக்டர்.
மா அரிக்கிற அரிதட்டால ரெண்டு தரம் அரிச்சம்.
அப்பாவில ஒரு துண்டு குறையுதெண்டு
அம்மா சாப்பிடேல்லை.
அண்ணா இப்பவும் மயானத்திலதான் நிக்கிறான்.'

அந்த இரவு ஊரடங்கு.
ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை.
றம்ளான் டோர்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
இரண்டு கையாலும் காலைப் பிடித்திருந்தான்,
வெளிச்சம் அவன் மூச்சோடு ஆடியது.
கொழும்பிலிருந்து பெட்டி வரும் வரும் என்று
மூன்று வாரம் வராத காலம்.
நாலு.
ஐந்து.
ஆறாவதற்குக் கையை நீட்டினேன்.
சோமாவதி மிஸ்ஸி என் உள்ளங்கையில்
தன் வெறும் விரல்களை வைத்தார்.
அவருக்குத் தெரிந்த பத்துப் பன்னிரண்டு தமிழ்ச் சொற்களில்
ஒன்றைச் சொன்னார்: 'முடிஞ்சுது.'

விடிய அந்த மனுசன் கேட்டார்,
எல்லாம் பூட்டியாச்சோ?
பூட்டியாச்சு என்றேன்.

முப்பத்துநாலு வருடம்
கடற்கரைப் பக்கம் போனால்
கண் முதலில் அந்தக் காலைத்தான் தேடும்.
குதி மணலில் புதைய, உடம்பு பின்னுக்குச் சாய,
வலையை அல்ல, கடலையே
கரைக்கு இழுப்பவர் மாதிரி நிற்பார்.
ஒவ்வொரு இழுப்புக்கும் நான்
தெருவில் நின்று பல்லைக் கடிப்பேன்.
சுனாமி அன்று இவளைத் தோளில் போட்டுக்கொண்டு
அந்தக் காலில்தான் ஓடினாராம்.
கேள்விப்பட்ட அன்றும் நான் நினைத்தது
அந்தத் துளையைத்தான்.

'துலையேல்லைப் பிள்ளை,' என்றேன்.
'நான் போடவே இல்லை.
இருந்தது அஞ்சுதான்.'

திட்டுவாள் என்று காத்திருந்தேன்.
தகட்டைத் தூக்கிக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து
அந்தத் துளைக்குள்ளால் என் முற்றத்தைப் பார்த்தாள்,
வேலியை, வேம்பை, என்னை.
பிறகு போனை எடுத்தாள்.

'அம்மா, அரிதட்டைக் கழுவி வையுங்கோ.
அண்ணாவை வரச் சொல்லுங்கோ.
அப்பாவில ஒண்டும் குறையேல்லையாம்.'